அடலைன் அம்மாவின் வயலினில் ஒரு சந்தனப் பொட்டு

அன்று காலை மிஸிஸ் பெல்ஹாமின் முன் அறையில் இருந்தவர்கள் நாலு பேர். சரியாகச் சொல்லிவிடுகிறேன், பின்னாளில் ஆளுக்கு ஆள் கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள்.

சன்னலோரக் கதிரையில் மிஸிஸ் பெல்ஹாம். வயது எண்பத்துமூன்று, நான் மேல்மாடியில் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரி. அவருக்கு எதிரே, நகரத்து இசைக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த கனவான், மடியில் தோல் பையோடு. கதவோரம் பூமணி அக்கா, கைப்பைக்குள் ஒரு டப்பா மண்ணிறச் சப்பாத்துப் பொலிஷோடு. அவவுக்குப் பக்கத்தில் நான். உட்காரக் கதிரை இருந்தது. நான் உட்காரவில்லை.

நடு மேசையில் மூடிய வயலின் பெட்டி. அதற்கு நேர் மேலே, சுவரில், மிஸிஸ் பெல்ஹாமின் தாயாரின் படம். அடலைன் ஹார்க்கம். செத்து நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டபடியால் அவரை ஆட்கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த அறையில் நான் பயந்தது அவருக்குத்தான்.

கல்லூரியில் ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. அதற்குள் தாயின் வயலினும் பெயரும் போய்ச் சேர வேண்டும், தான் கண்ணை மூடுவதற்கு முன்பு சேர வேண்டும் என்பதுதான் மிஸிஸ் பெல்ஹாமுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை. கனவான் அதைத் தீர்மானிக்க வந்திருந்தார்.

அந்த வயலினின் முகத்தில், இரண்டு நாளைக்கு முன்புவரை இல்லாத ஒரு வட்டம் இருந்தது. ஐந்து சத நாணயக் குற்றியளவு வெள்ளை, நடுவில் சிவப்பு. அதற்குக் காரணம் நான். பூமணி அக்காவையும் என்னையும் தவிர அது ஒருவருக்கும் தெரியாது.

அடுப்பை நாலு தரம் பார்க்கிறவன்

இந்தத் தொடரை முதலில் இருந்து வாசிப்பவர்களுக்கு என் பயம் பழகிப்போயிருக்கும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். வேலைக்கு வெளிக்கிட்டால், அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். தெருமுனைக்குப் போனபிறகு, கடைசித் தரம் தொட்டுப் பார்த்தபோது தெரியாமல் திருகிவிட்டேனோ என்று நாலாம் தரமும் வருவேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்குகிற வேலை. ரொறன்ரோவின் மேற்குப் பக்கம், தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் ஓடுகிற தெருவொன்றில், ஒடுங்கிய செங்கல் வீட்டின் மேல் அறையில் இருந்தேன். வாடகை குறைவு. அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைகளில் தூசு தட்ட வேண்டும், குப்பையை வெளியே வைக்க வேண்டும், பனி கொட்டினால் தள்ள வேண்டும்.

முன் அறையில் எல்லாவற்றையும் துடைக்கலாம், அந்தப் பெட்டியை மட்டும் தொடக்கூடாது என்பது முதல் வருடத்துச் சட்டம். இரண்டாம் வருடம், நான் ஒரு சீனக் கோப்பையையும் உடைக்கவில்லை என்று கண்டபிறகு, பெட்டியைத் திறந்து காட்டினார். பிறகு சனிக்கிழமை தோறும் தூசு தட்டி முடிந்ததும் குசினி மேசையில் ஒரு தேத்தண்ணி, ஒரு துண்டு கேக், தாயாரின் கதையில் ஒரு துண்டு.

அவர் பேசியதெல்லாம் இங்கிலீசு. அது என் மனதில் எந்தத் தமிழில் தங்கியதோ அந்தத் தமிழில்தான் எழுத முடிகிறது.

குசினி மேசையில் கேட்ட சரித்திரம்

அடலைன் பிறந்தது இங்கிலாந்தில், கடலோரத்து ஊரொன்றில். தகப்பன் மணிக்கூடு திருத்துகிறவர். வயலின் படிக்க வைத்தது தமையனை. வாத்தியார் கிழமைக்கு இரண்டு நாள் வருவார். பெண்பிள்ளைக்குப் பியானோ போதும் என்பது அந்தக் காலத்து முடிவு. வயலின் பிடித்தால் கழுத்துக் கோணும், முகம் சுழியும், பிறகு யார் கட்டுவான் என்று கேட்பார்களாம்.

தமையன் பந்தடிக்கப் போகிற நேரத்தில், கரி போட்டு வைக்கிற கொட்டிலுக்குள் இருந்து இவர் வாசித்திருக்கிறார். ஒருநாள் நேரத்தோடு வந்த வாத்தியார் வெளியே நின்று கேட்டுவிட்டு, "பெடியன் நல்லா முன்னேறிட்டான்" என்று தகப்பனிடம் சொன்னார். கொட்டில் கதவைத் திறந்தால், கரி அப்பிய சட்டையோடு எட்டு வயதுப் பெட்டை.

பத்து வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, தகப்பன் அவரை மேடை மேடையாகக் கொண்டு திரிந்தார்.

அந்த இடத்தில் நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். "பத்து வயசோட நிப்பாட்டினவையோ?" என்று கேட்டேன்.

"ஓம். அதுக்குப் பிறகு அம்மா படிச்சதெல்லாம் ரயிலுக்குள்ள."

நானும் ஏழாம் வகுப்போடு நின்றவன். அதை இதற்கு முன் ஓர் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன், திரும்ப எழுத விருப்பமில்லை. ஆனால் படிப்பு நின்றுபோன ஒருத்தியின் படத்தைப் பெரிய சட்டத்துக்குள் போட்டு மாட்டியிருப்பதை நான் கண்டது அந்த வீட்டில்தான்.

பிறகு ஜெர்மனி, பாரிஸ், கப்பல், அமெரிக்கா, கனடா. குளிர்காலத்தில் ரயிலால் இறங்கி, குதிரை இழுக்கிற சறுக்கு வண்டியில் மரம் வெட்டுகிற ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறார். அந்த நாளில் தந்திகள் ஆட்டுக் குடலில் செய்தவை, குளிருக்குப் பட்டென்று அறுந்துவிடும். வயலினைப் பாவாடைக்குள் தைத்த பஞ்சுப் பையில் போட்டு, உடம்புச் சூட்டில் கொண்டு போவாராம். "நானும் அப்பிடித்தான் போனனான்," என்றார் மிஸிஸ் பெல்ஹாம். "எட்டாம் மாசம் வரைக்கும் அம்மா மேடையில நிண்டவ. முன்னுக்கு ஒரு பெரிய சால்வை. பிறக்க முந்தியே நான் கச்சேரி செய்திட்டன்."

ஒருநாள் அலுமாரியைத் திறந்து கச்சேரிச் சட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். கடும் பச்சைப் பட்டு. அந்தக் காலத்துச் சட்டைகளைப் போட்டால் கையை முழங்கைக்கு மேலே தூக்க முடியாது, அப்படித்தான் தைப்பார்களாம். இந்தச் சட்டையில் வலது அக்குளுக்குள் மட்டும், வெளியே தெரியாமல், முக்கோணமாய் ஒரு துண்டு சேர்த்துத் தைத்திருந்தது. வில்லு மேலே போய் வருவதற்கு. நான் அதற்குள் விரல் விட்டுப் பார்த்தேன். நான்கு அங்குலம் வரும். இத்தனை தேசம் சுற்றிய சங்கீதமும் அந்த நான்கு அங்குலத்துக்குள்ளால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டு, விரலை எடுக்காமல் நின்றேன்.

பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய புத்தகம் ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு துண்டிலும் சட்டையைப் பற்றி ஒரு பந்தி, தலைமயிரைப் பற்றி ஒரு பந்தி, கடைசியில் வாசிப்பைப் பற்றி இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்குக் கீழே மட்டும் அடலைன் பென்சிலால் கோடு போட்டிருந்தார். புகழ்ந்த வரிக்கும் கோடு, இகழ்ந்த வரிக்கும் கோடு.

எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு கச்சேரியின் நடுவில் தந்தி அறுந்துவிட்டது. பொம்பிளை அழுவாள், உள்ளே ஓடுவாள் என்று சனம் பார்த்துக்கொண்டிருந்ததாம். அடலைன் ஒரு கதிரை கேட்டு வாங்கி, மேடை நடுவிலேயே உட்கார்ந்து, புதுத் தந்தி பூட்டி, அவசரப்படாமல் ஆறுதலாகச் சுருதி சேர்த்து, எழும்பி, முதலில் இருந்து வாசித்தார். விட்ட இடத்தில் இருந்து இல்லை, முதலில் இருந்து. நான் பயந்து நடுங்குகிற ஒவ்வொரு தரமும் அந்தக் கதிரையை நினைத்துக்கொள்வேன். பயம் போகாது. ஆனால் நினைத்துக்கொள்வேன்.

வைக்க ஒன்றும் இல்லாதவன்

சரஸ்வதி பூசைக்கு எல்லோரும் புத்தகம் வைப்பார்கள். படிப்பை விட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தபோது, ஒரு வருடம், புகையிலை வெட்டுகிற கத்தியைக் கொண்டுபோய் வைத்தேன். "சரஸ்வதிக்குச் சுருட்டுப் பத்தத் தெரியுமோடா?" என்று பெரியப்பா கேட்க, வீடே சிரித்தது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் வைத்ததில்லை. சுண்டல் தின்றுவிட்டு வருவேன்.

ரொறன்ரோவில் அப்போது எங்கள் ஆட்கள் விரலால் எண்ணக்கூடிய அளவுதான். டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் பூமணி அக்காவும் புருஷன் சங்கரப்பிள்ளை அண்ணையும் இருந்தார்கள். அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை, அண்ணை ஒரு கணக்காளர் கந்தோரில். பூசை அவர்கள் வீட்டு வரவேற்பறையில்தான் நடக்கும்.

அந்த வருடம் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. மூன்று கிழமை அதை வாய்க்குள் வைத்து மென்றுவிட்டு, கடைசியில் மிஸிஸ் பெல்ஹாமிடம் கேட்டேன். கல்விக்கும் இசைக்கும் எங்களுக்கு ஒரு தாய் இருக்கிறா, அவவுக்கு முன்னால் உங்கள் அம்மாவின் வயலினை ஓர் இரவு வைக்கலாமோ என்று.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: "வாசிப்பினமோ?"

"இல்லை. தொடமாட்டினம். வைச்சுக் கும்பிடுறது மட்டும்."

"திங்கக்கிழமை கல்லூரியில இருந்து ஆள் வருது."

"ஞாயிறு மத்தியானம் திருப்பிக் கொண்டந்து தருவன்."

"தண்ணி படக்கூடாது, தேவன். அது பழைய வார்னிஷ். ஒரு துளியும் படக்கூடாது."

சனிக்கிழமை வானம் மூடியிருந்தது. பெட்டியை ஒரு கம்பளியால் சுற்றி, அதற்கு மேல் இரண்டு குப்பைப் பைகளைச் சுற்றி, ஸ்ரீற்கார், சப்வே, பஸ் என்று ஏறி, மடியை விட்டு இறக்காமல் கொண்டு போனேன். சப்வேயில் பக்கத்தில் இருந்த மனிசி எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு மூச்சு முட்டாதோ என்று கேட்டா. ஒரு துளி மழை படவில்லை. பூமணி அக்கா வீட்டு வாசலில் பையை அவிழ்த்தபோது, என் வாழ்க்கையில் ஒரு காரியமாவது சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"என்னடா தம்பி, ஆரின்ர வீட்டிலயேன் களவெடுத்தனியோ?" என்றார் சங்கரப்பிள்ளை அண்ணை.

"மிஸிஸ் பெல்ஹாமின்ர தாயின்ர, அண்ணை. பெரிய வித்துவான்."

"பொம்பிளையோ? அந்தக் காலத்திலயோ? சொல்லு பாப்பம்."

நான் சபையில் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று சொன்னேன். கரிக் கொட்டில், சறுக்கு வண்டி, பச்சைச் சட்டையின் அக்குள், மேடை நடுவில் போட்ட கதிரை, எல்லாம். வந்திருந்த பிள்ளைகள் கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் உரத்துப் பேப்பர் வாசிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டு கேட்பது வழக்கம். கடைசி இரண்டு வருடம் வாசித்தவன் நான்தான். அந்தக் குரல் எங்கேயோ இருந்து திரும்பி வந்தது.

"உவன் ஏழாம் வகுப்பெண்டு ஆர் சொன்னது?" என்றார் அண்ணை, அக்காவைப் பார்த்து.

முகத்தில் வையுங்கோ

பூமணி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தா. ஊரிலிருந்து தபாலில் வந்த சந்தனக் கட்டையைத் தண்ணீர் விட்டு உரைத்துக் குழைத்திருந்தா. பிள்ளைகளின் கொப்பிகள், அண்ணையின் தட்டச்சு மெசின், தனது தாதிப் பயிற்சிப் புத்தகம், ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவ, வயலினுக்கு முன்னால் நின்றா.

"தம்பி, உதுக்கு எதில வைக்கிறது?"

"முகத்தில வையுங்கோ அக்கா. பொட்டு முகத்திலதானே."

சொன்னது நான். இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. நகரம் முழுக்க மழைக்குப் பயந்து அதைப் பொத்திக்கொண்டு வந்தவனுக்கு, அந்தக் கிண்ணத்தில் பாதி தண்ணீர் என்று மூளையில் படவில்லை. பொட்டு இல்லாமல் சாமிக்கு முன் ஒரு பொருளை வைக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியிராது.

மறுநாள் விசயதசமி. காலைப் பூசை முடிந்து எடுத்துத் துடைத்தபோது, சந்தனம் துணியோடு வந்துவிட்டது. வார்னிஷும் மங்கிவிட்டது. தேன் நிறத்து முகத்தில் ஒரு வெள்ளை வட்டம், நடுவில் போகாத சிவப்பு.

அக்கா தன் சீலைத் தலைப்பால் துடைத்தா. நான் மூச்சை ஊதித் துடைத்தேன். அது இன்னும் வடிவாகத் தெரிந்தது.

"நடுங்காதை. சப்பாத்துப் பொலிஷ் ஒண்டு கிடக்கு, மண்ணிறம். கொஞ்சமாத் தடவினால் ஒருத்தருக்கும் தெரியாது."

"வேண்டாம் அக்கா."

"அப்ப போய்ச் சொல்லு."

"அதுவும் ஏலாது அக்கா."

"ரெண்டில ஒண்டு செய்யத்தானே வேணும்? நாளைக்குக் காலமை எனக்கு வேலையில்லை. நானும் வாறன். பொலிஷையும் கொண்டு வாறன், கடைசி நேரத்தில உனக்கு மனம் மாறினாலும் எண்டு."

பொலிஷ் பூச மனம் வரவில்லை. சொல்லத் துணிவு வரவில்லை. ஞாயிறு மத்தியானம் பெட்டியை மேசையில் வைத்தேன். "கும்பிட்டாச்சோ?" என்று கேட்டார் மிஸிஸ் பெல்ஹாம். "கும்பிட்டாச்சு" என்றேன். அவர் என்னை நம்பினார், பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அடி.

பெட்டி திறந்தது

கனவான் கொக்கியைத் தட்டி மூடியைத் தூக்கினார்.

"இது என்ன?"

எனக்கு அடலைனின் கதிரை நினைவுக்கு வந்தது. "அது நான், சேர்," என்றேன். "மிஸிஸ் பெல்ஹாம், அது நான். தண்ணி படக்கூடாதெண்டு சொன்னனீங்கள். சந்தனத்தில தண்ணி இருக்கெண்டு நான் யோசிக்கேல்லை. நேற்றே சொல்லியிருக்க வேணும். பயத்தில சொல்லேல்லை."

பூமணி அக்காவும் தன் இங்கிலீசில், வைத்த கை தன்னுடையது என்றா. மிஸிஸ் பெல்ஹாம் எழும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

கனவான் ஒரு பூதக்கண்ணாடியால் வயலினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பொட்டில் நின்றது அரை நிமிடம் இருக்காது. "இது ஒண்டுமில்லை. எங்கட திருத்துற ஆள் ஒரு பின்னேரத்தில எடுத்துப்போடுவார். அருமையான வாத்தியம். எடுத்துக்கொள்ளச் சந்தோசம்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

மிஸிஸ் பெல்ஹாம் ஒட்டுப் புத்தகத்தையும் பச்சைச் சட்டையையும் மேசையில் வைத்தார். "இவையும் கண்ணாடிப் பேழைக்குள்ள வரும்தானே?"

கனவான் இருமினார். பேழை இசை இயற்றியவர்களுக்கு உரியது என்றார். உங்கள் அம்மா ஒன்றும் எழுதி வைக்கவில்லை, வாசித்ததோடு சரி. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் இன்றைக்கு இல்லை. வயலினை ஒரு மாணவனுக்கு வாசிக்கக் கொடுக்கலாம். தந்தவர் பெயர் கந்தோர்ப் பதிவு இடாப்பில் இருக்கும். சட்டை, கடதாசிகளுக்கு இடமில்லை.

நான் பயந்தது பொட்டுக்கு. மிஸிஸ் பெல்ஹாமின் ஆசை உடைந்தது பொட்டினால் இல்லை.

"தேவன்," என்றார் மிஸிஸ் பெல்ஹாம். "உங்கட ஆக்கள் இந்தப் பொட்டை எதுக்கு வைக்கிறவை?"

"கும்பிடுற சாமானுக்கு வைக்கிறது."

"அம்மா ஆரெண்டு அவைக்குத் தெரியுமோ?"

பூமணி அக்கா முந்திக்கொண்டா. "தெரியும் அன்ரி. தேவன் எல்லாம் சொன்னவர். கரிக் கொட்டிலில இருந்து. பிள்ளையளும் கேட்டவை."

மிஸிஸ் பெல்ஹாம் ஒட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பழுப்பு ஏறிய தாள், தலைப்பில் ஒரு மண்டபத்தின் படம்.

"என்ர அம்மாவின்ர கடைசிக் கச்சேரி இந்த ஊரில. அப்பவே விரல் மூட்டெல்லாம் வீக்கம். பேசினது நூறு டாலர். பனி கொட்டி, சனம் குறைஞ்சு போச்சு. கூட வாசிச்ச பியானோக்காரருக்கு நூறும் குடுத்தவை, அவருக்குக் குடும்பம் இருக்காம். அம்மாவுக்கு அறுபது. மிச்சம் அடுத்த கிழமை அனுப்புறம் எண்டு இந்தக் கடிதம். காசு வரவேயில்லை. அந்த மண்டபத்தைத்தான் உங்கட கல்லூரி பிறகு வாங்கினது. உங்கட பிள்ளையள் இண்டைக்கும் அங்கதான் வாசிக்கினம்."

கனவான் சிரித்தார், பகிடி என்று நினைத்து.

மிஸிஸ் பெல்ஹாம் சிரிக்கவில்லை. "முதல் அந்தக் காசைத் தாருங்கோ. வட்டி வேண்டாம். பிறகு வயலினைப் பற்றிக் கதைப்பம். தேவன், பெட்டியை மூடும்."

மூடப் போனபோது கேட்டேன், பொட்டை எடுப்பிக்க நானே ஒரு ஆளைப் பிடிக்கட்டோ, சம்பளத்தில் கழித்துக் கட்டுகிறேன் என்று.

"விடும். முப்பது வருசம் பேப்பர்க்காரர் அம்மாவின்ர சட்டையைத்தான் பார்த்தவை. வயலினைப் பார்த்தது நீங்கள்தான்."

கனவான் போனபிறகு பூமணி அக்கா கைப்பையைத் திறந்து, பொலிஷ் டப்பாவை என்னிடம் தந்தா. "இந்தா, உன்ர சப்பாத்துக்காவது பூசு. பார்க்கச் சகிக்கேல்லை."

வருடம் ஒரு கடிதம்

அந்தக் கிழமையே மிஸிஸ் பெல்ஹாம் சொல்லச் சொல்ல, குசினி மேசையில் இருந்து கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் முழுசாக எழுதிய முதல் இங்கிலீசுக் கடிதம் அது. மூன்று தரம் திருத்தி, உறையை ஒட்டியபிறகு கையெழுத்து வைத்தாரா என்று பிரித்தும் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும், சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள், ஒரு கடிதம்.

சில வருடங்களில் மிஸிஸ் பெல்ஹாம் கண்ணை மூடிவிட்டார். வயலின் விட்பி என்ற ஊரில் இருக்கிற அவரின் மருமகளின் பிள்ளையிடம் இருக்கிறது. அவள் வாசிக்கிறாள். பொட்டையும் எடுக்கவில்லை, கேட்பவர்களுக்குக் கதை சொல்கிறாளாம். பச்சைச் சட்டையும் ஒட்டுப் புத்தகமும் எனக்கு என்று எழுதி வைத்திருந்தார். என் அலுமாரியில் இருக்கின்றன. அந்துப்பூச்சி பிடிக்குமோ என்று மாதம் இரண்டு தரம் திறந்து பார்க்கிறேன்.

பூசைக்கு இப்போது நான் வைப்பது அந்த ஒட்டுப் புத்தகத்தை. சந்தனம் வைக்க விடுவதில்லை. மறுநாள் கடிதம் எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பதில் வந்தது: இசையில் நான் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி, கல்லூரியின் நிதிக்கு நன்கொடை அனுப்ப விருப்பமா என்று கேட்டிருந்தார்கள்.

இந்த வருடக் கடிதத்தையும் போன செவ்வாய்க்கிழமை போட்டுவிட்டேன். முத்திரை ஒட்டினேனா என்று மட்டும் கொஞ்சம் யோசனை. வாசகம் பழையதுதான். திருமதி அடலைன் ஹார்க்கம், வயலின், ஒரு கச்சேரி. பேசியது நூறு டாலர். கொடுத்தது அறுபது. மிச்சம் நாற்பது டாலர்.